வாசலில் ஒரு சந்தோஷப் பாட்டு

1

எழுதிப் பழகிய கை இல்லை இது. ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன். ஐந்தாவது முடிவதற்குள் தம்பி பிறந்தான், தொட்டிலாட்ட ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும். மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அங்கே யாராவது படித்தவர் எழுதியிருப்பார்.

கோயில் திருநாள் மலருக்கு வெளிதேசத்தில் இருக்கிறவர்கள் ஏதாவது எழுதி அனுப்ப வேண்டும் என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். கேட்டது என் வீட்டுக்காரரை. அவர் சவரிமுத்து, இங்கே ஈப்போவில் ரயிலில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"நான் எழுதுனா ரயிலைப் பத்தித்தான் எழுதுவேன். அதை எவன் படிப்பான்? நீ எழுது" என்றார்.

"எனக்கு என்ன தெரியும்?"

"இந்த வருஷம் நீ பண்ணுன கூத்தை எழுது. பக்கம் பத்தாது."

நான் மலாயாவுக்குக் கப்பல் ஏறியது நாற்பத்தெட்டில். புதுக்கோட்டைச் சீமை ராசா கையை விட்டுப் போன வருஷமும் அதுதான். அதற்கும் நான் கிளம்பியதற்கும் சம்பந்தம் இல்லை. யுத்தத்துக்கு முன்பே இவர் இங்கு வந்துவிட்டார். யுத்தம் நடுவில் வந்ததால் பெண் பிறந்ததே அவருக்கு பத்து வருஷம் கழித்துத்தான் நேரில் தெரிந்தது. அந்தப் பெண் ரெஜினா. எங்களுக்கு ஒரே பிள்ளை. பத்து வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு பினாங்கில் இறங்கினாள். இந்த வருஷம் மாசி பிறக்கும் சமயத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது.

நான் எழுதப்போவது கல்யாணத்தைப் பற்றி இல்லை. ஜனவரி முதல் தேதி வருஷப்பிறப்பன்று நான் எடுத்த பிரதிக்கினையைப் பற்றி. தவசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன்னால் ஒரு சந்தோஷப் பாட்டைச் சந்தோஷமாகப் பாடக் கற்றுக்கொள்வது என்பது அது. இந்த வயதில் அது எதற்கு என்று கேட்பீர்கள்.

2

மாப்பிள்ளையின் தாயார் மதலேனம்மாள். அவர்கள் பினாங்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள். பூர்வீகம் நம் ஆவூர்ப் பக்கம்தான், ஆனால் ஊரைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஊரைப் பார்க்காதவர்களுக்கு ஊர் முறை நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கிறது. நிச்சயத்தன்று தட்டு மாற்றி, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்:

"பூசை முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் வரையில வாசல்ல ஆலத்திப் பாட்டு யாரு பாடுறதுங்க?"

"ரெக்கார்டுக்குச் சொல்லியாச்சு. மைக் செட்டோட வருது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதெல்லாம் ஆகாதுங்க. பொண்ணைப் பெத்த ஆத்தா வாயால பாடித்தான் மாப்பிள்ளை படி ஏறணும். எங்க மூத்தவனுக்கு அப்படித்தான் நடந்துச்சு. ரெக்கார்டு பாடுனா என் மகன் ரெக்கார்டுக்கு மருமகனா வந்த மாதிரில்ல ஆயிரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மதலேனம்மாள் சிரிக்கவில்லை.

"சம்மந்தி பாடுவீங்கள்ல?"

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன். பெண்பிள்ளை தலையைக் குனிந்தால் நம் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன்.

"சரின்னுட்டாங்க" என்றார் மதலேனம்மாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். விஷயம் முடிந்தது.

அவர்கள் போனதும் ரெஜினா அடுப்படிக்கு வந்தாள். அவள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க இங்கிலீஷில் 'நம்பர் ப்ளீஸ்' சொல்லிவிட்டு வந்து வீட்டில் தமிழும் மலாயும் கலந்து பேசுவாள்.

"மா, நீயா பாடப் போற?"

"அவங்க கேட்டாங்க."

"நீ பாடாத மா. எனக்கு மாலுவா இருக்கும்." மாலு என்றால் மலாயில் வெட்கம். கூச்சப்படுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவள் அதைச் சொன்னது புதிதாக இருந்தது.

"ஏன்டி?"

"நீ எதைப் பாடுனாலும் யாரோ செத்துப்போன மாதிரியே இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. அது உண்மை. கல்யாணம் முடிந்த மறு வாரம் அவள் மாப்பிள்ளை வேலை பார்க்கிற சிங்கப்பூருக்குக் குடித்தனம் போகிறாள். பாடாவிட்டால் மாமியார் மனதில் ஒரு குறையோடு அவள் போக வேண்டும். பாடினால் ஒப்பாரியோடு போக வேண்டும். பெற்ற பெண்ணை இந்த இரண்டில் எதோடு அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

3

என் குரல் ஏன் இப்படி ஆனது என்று சொல்ல வேண்டும்.

ஆவூரில் நம் கோயிலில் ஆர்மோனியம் ஆண்கள் பக்கம். பாட்டு எடுத்துக்கொடுப்பதும் அவர்கள். பெண்கள் பக்கத்தில் நாங்கள் பின்பாட்டுப் பாடுவோம். நான் அதுவும் பாடுவதில்லை, வாயை மட்டும் அசைப்பேன். கல்யாண வீட்டு வாசலில் பாடுவது என் நாத்தனார் அந்தோணியம்மாள். அவள் பாடினால் தேரடி வரைக்கும் கேட்கும். கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குக் குரல் ஏறும். எனக்கு இறங்கும்.

ஆனால் தவசு காலம் வந்தால் கதை வேறு. நாற்பது நாளும் விளக்கு வைத்தபிறகு பெண்கள் ஒரு வீட்டில் கூடி சேசுநாதர் பாடுகளைப் புலம்பலாகப் பாடுவோம். வட்டமாக உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி தலை வைத்து ஆடிக்கொண்டே பாடுவது. முகம் தெரியாது. யார் பாடுகிறார்கள் என்று வெளியே தெரியாது. அந்த முந்தானைக்குள் என் குரல் வந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் முதல் அடியை நான் எடுத்தேன், எல்லோரும் அழுதார்கள். அடுத்த வருஷம் முதல் அது என் வேலை ஆகிவிட்டது.

"சூசையம்மா பாடுனா கோழிகூட முட்டை போடாம ஒக்காந்து அழுவும்" என்பாள் அந்தோணியம்மாள். பொறாமையில் சொன்னாளா, பாராட்டிச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆக, வருஷத்தில் நாற்பது நாள் மட்டும் பாடிய குரல் என்னுடையது. மீதி நாள் அது சும்மா இருந்தது. அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் இழுத்து, கீழே இறக்கி, ஒரு விக்கல் வைத்து முடிக்கும். 'ஐயா' என்று முடிகிற அடியாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இங்கே வந்த மறுவருஷம் இரண்டு வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துத் தவசு காலத்தில் பாடினோம். அப்போது ஊரடங்குக் காலம். பொழுது சாய்ந்தால் வெளியே நடமாடக் கூடாது, நாலு பேர் கூடினால் ஏன் என்று கேட்பார்கள். பாட்டுச் சத்தம் கேட்டு ஒரு மலாய்க்காரக் கான்ஸ்டபிள் வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும் வரை மரியாதையாக நின்றார். முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம் மெதுவாக, இறந்தவர் எங்கே என்று கேட்டார். இவர் சுவரில் மாட்டியிருந்த, சிலுவையில் பாடுபட்ட சேசுநாதர் சுரூபத்தைக் காட்டினார். எப்போது என்று கேட்டார் கான்ஸ்டபிள். "ரொம்ப நாளாச்சுங்க" என்று மலாயில் சொன்னார் இவர். கான்ஸ்டபிள் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

4

வருஷப்பிறப்புப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். அவர் பிரெஞ்சுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், நமக்குப் புரியத்தான் கொஞ்ச நேரம் ஆகும். புது வருஷத்துப் பிரதிக்கினை சின்னதாக இருக்க வேண்டும், வருஷக் கடைசியில் செய்தோமா இல்லையா என்று தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

பூசை முடிந்து மாதா சபைப் பெண்கள் மரத்தடியில் கூடி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தி தினம் முழுச் செபமாலை சொல்வதாகச் சொன்னாள். ஒருத்தி இந்த வருஷம் புறணி பேசுவதில்லை என்றாள், அப்புறம் இரண்டு பேர் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். என் முறை வந்தது.

"பாட்டு" என்றேன்.

"என்ன பாட்டு?"

"ஒரு பாட்டு."

"கோயில்லயாக்கா?"

"இல்ல. வாசல்ல."

யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் நான் அதற்கு மேல் பேச மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்தவளிடம் போய்விட்டார்கள்.

மனதுக்குள் நான் எடுத்தது மூன்று பகுதி. ஆர்மோனியத்தோடு சேர்ந்து சுருதி பிடிக்க வேண்டும். நின்றுகொண்டு, முகத்தை மூடாமல் பாட வேண்டும். கேட்கிறவர்கள் யாரும் அழக் கூடாது. இந்த மூன்றும் விபூதிப் புதனுக்குள். விபூதிப் புதன் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் இல்லை, பிறகு என் குரல் எப்படி இருந்தாலும் பொருத்தமாகிவிடும்.

வருஷம் பிறந்து ஆறாம் நாள் வருகிற மூன்று ராசாக்கள் திருநாளுக்குள் ஆர்மோனியம் போய்விட்டது. மீதி இரண்டு இருந்தன.

5

ஆர்மோனியம் போனது இப்படி. கோயில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்வது சேவியர் தம்பி. நல்ல பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், நான் இன்னும் பையன் என்கிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சொல்லி ஆர்மோனியத்தோடு அழைத்துவந்தார்.

பாட்டு அந்தோணியம்மாள் பாடிக் கேட்டது. எனக்கு ஞாபகம் இருந்த அளவில்:

"பந்தலிலே பூவிருக்கு, பாதையிலே நீரிருக்கு,
வந்த காலு வலதிருக்கு, வாசலுக்கு வாருமய்யா.

கானாவூர்க் கலியாணம் கண்டவரு கூடிருக்கு,
தானாக வந்த மகன் தலைவாசல் ஏறுமய்யா."

கானாவூர்க் கலியாணம் கண்டவர் என்பது சேசுநாதர். இன்னும் இருந்தது. இவ்வளவுதான் என் தலையில் தங்கியது.

சேவியர் தம்பி கட்டையைப் பிடித்தார். நான் பாடினேன். முதல் அடியில் தலையை ஆட்டினார். 'வாருமய்யா' வந்ததும் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை, இழுப்பு முடிய வேண்டுமல்லவா.

"அத்தை, அது கீழ எறங்குது."

"ஆமா தம்பி."

"எறங்காம நிக்கணும்."

"அது எறங்குனாத்தான் தம்பி மூச்சு விட முடியும்."

சிரித்த முகத்தோடு பாடச் சொன்னார். சிரித்தால் வார்த்தை வரவில்லை. வார்த்தை வந்தால் சிரிப்பு போய்விட்டது. ரெஜினா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, "தம்பி, ஆர்மோனியத்தைக் கொஞ்சம் சந்தோஷமா வாசிச்சுப் பாருங்க, அது மேல குத்தமா இருக்கும்" என்றார்.

கடைசியில் சேவியர் தம்பி சொன்னார்: "அத்தை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வால் இருக்கு. அந்த வாலை அறுத்துட்டாப் போதும். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு." அன்றைக்கு ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பக் கொண்டுவரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் முதல் காலையில் ரெஜினா வேலைக்குப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாடிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் அடுத்த சீனக்காரர் வீட்டுக்கும் ஒரே சுவர். மூன்று நாள் பாடியிருப்பேன். நாலாம் நாள் அந்தச் சீன அம்மா வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னார், எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு வெள்ளை உறையைக் கையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ரெஜினா உறையைப் பார்த்தாள். சீனர்கள் கல்யாணத்துக்குச் சிவப்பு உறையில்தான் மொய் வைப்பார்கள். வெள்ளை உறை கேதத்துக்கு.

"யாரு செத்துட்டாங்கன்னு குடுத்தாங்க?"

"தெரியலடி."

"அப்பாவைக் காணோம்னு நெனைச்சிருப்பாங்க. நாலு நாளா அப்பா வெளிய போகல."

வீட்டுக்காரருக்குச் சளி பிடித்திருந்தது உண்மை. அவரையும் அழைத்துக்கொண்டு ரெஜினா உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். இவர் உயிரோடு வாசலில் போய் நின்றதும் அந்த அம்மா பயந்துவிட்டாராம். அது கல்யாணப் பாட்டு என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா மரியாதைக்கு நம்பினார்.

வீட்டுக்கு வந்து ரெஜினா சாப்பிட்டாள். கை கழுவும்போது, "நான் பினாங்குல அவங்க அம்மாகிட்ட நீ முடியாம இருக்கன்னு சொல்லிர்றேன் மா. தொண்டை சரியில்லன்னு. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

"கோவிச்சுக்குவாங்க."

"கோவிச்சுக்கிட்டாத்தான் என்ன? இதுக்கு அது தேவலை."

6

வழி கிடைத்தது துணிக்கல்லில்.

பாட்டை விட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாய் தானாக முணுமுணுத்தது. 'வாசலுக்கு வாருமய்யா' என்று முடிக்கும்போது துணியை ஓங்கிக் கல்லில் அடித்தேன். வால் வரவில்லை. அடி விழுந்த இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. இன்னொரு தரம் பாடினேன், அடித்தேன். அப்போதும் நின்றது. ஓங்கி அடிக்கிற கைக்கு மூச்சு போய்விடுகிறது, இழுக்க மிச்சம் இருப்பதில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுத் துணி போல வெளுத்த துணி அந்தத் தெருவில் கிடையாது. தலையணை உறை, திரைச்சீலை, துவைத்ததையே மறுபடியும். அடுத்த வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். முகத்தில் துக்கம் இல்லை. அதுவே எனக்குப் பெரிய சர்டிபிகேட்.

"ஏ சூசையம்மா, என் சட்டையில பொத்தான் ஒண்ணுகூட இல்ல. அந்தப் பாட்டுக்கு நான் சட்டையில்லாமத்தான் மகளைக் கட்டிக்குடுக்கணுமா?" என்றார் வீட்டுக்காரர்.

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்குள் எனக்குத் துணி இல்லாமலும் வந்துவிட்டது. அடியின் முடிவில் கட்டைவிரலால் எதையாவது தட்டினால் போதும். ஆலத்தித் தட்டின் விளிம்பில் தட்டிப் பழகினேன். நின்றுகொண்டு, முகத்தை மூடாமல், வீட்டுக்காரர் எதிரில் நாலு அடியும் பாடிக் காட்டினேன்.

"எப்படிங்க இருக்கு?"

"சரியா இருக்கு" என்றார். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அவர் சரியில்லை என்று சொன்னால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். சரி என்றதும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

7

ரோட்டோரம் பந்தல் போட டவுன் போர்டில் பர்மிட் வாங்க வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே விண்ணப்பப் பாரம். வேண்டாததை அடித்துவிட வேண்டும். எதை அடிக்கட்டும் என்று கிளார்க் கேட்டாராம். "இப்போதைக்குச் சாவை அடிங்க. பாட்டு முடிஞ்சதும் வந்து சொல்றேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். வந்து எல்லோரிடமும் அதைச் சொன்னார்.

கல்யாணம் ஒரு திங்கட்கிழமை. பூசை முடிந்து கார் வந்தது. பந்தலுக்குள் நல்ல கூட்டம். மாப்பிள்ளை கோட்டுப் போட்டிருந்தார். ரெஜினா வெள்ளைச் சேலையும் தலையில் வலையுமாகத் தலையைக் குனிந்து நின்றாள். மதலேனம்மாள் மகனின் முழங்கையைப் பிடித்திருந்தார், பாட்டு இல்லாமல் படி ஏறிவிடப் போகிறான் என்று.

நான் தட்டோடு படியில் நின்றேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் தட்டில் இருந்தது. பின்னால் நின்ற வீட்டுக்காரர், "துணி எதுவும் வேணுமா?" என்று காதில் கேட்டார். அவர் பயந்துபோயிருந்தால்தான் அப்படிப் பேசுவார்.

பாடினேன். 'பந்தலிலே பூவிருக்கு.' குரல் வந்தது. விரல் தட்டியது. 'வாசலுக்கு வாருமய்யா' என்று நேராக நின்று முடிந்தது. யாரும் அழவில்லை. இரண்டு பேர் தலையாட்டினார்கள். யாரோ ஒரு பிள்ளை கைதட்டியது. என் காதுக்கே நன்றாக இருந்தது.

அப்போது ரெஜினா தலையைத் தூக்கினாள். வலைக்குள்ளிருந்து என்னைத் தாண்டி என் பின்னால் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மைக் செட்டுக்காரனைப் பார்த்தாள். பாடுவது யார் என்று தேடினாள். பிறகுதான் என் வாயைக் கவனித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தெரியாத பொம்பளையைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தாள்.

எனக்கு அடுத்த அடி மறந்துபோனது.

மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கினார், மதலேனம்மாள் முழங்கையை இழுத்தார், கால் கீழே வந்தது. "கானாவூரு, கானாவூரு" என்று பின்னாலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

கானாவூரை எடுத்தேன். விரல் தட்ட மறந்துவிட்டது. குரல் அதற்குத் தெரிந்த வழியில் போனது. நான் தடுக்கவில்லை. 'தலைவாசல் ஏறுமய்யா' என்று இழுத்து, இறக்கி, விக்கல் வைத்து முடிக்கிறபோது அது பந்தலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. சேவியர் தம்பி கண்ணை மூடிக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையைத் தேடினார்கள். அடுத்த வீட்டு அம்மா வெளியே ஓடிவந்தார். வீட்டுக்காரர் கழுத்து மாலையைத் தூக்கிக் காட்டி, "கல்யாணம், கல்யாணம்" என்றார். அவர் முகமும் நனைந்திருந்ததால் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

ரெஜினா மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "தட் இஸ் மை மதர்" என்றாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஐ நோ" என்றார். அவர் என்னை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதலேனம்மாள் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, மகனின் முழங்கையை விட்டார்.

"மூத்தவனுக்குப் பாடுனதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். "ஏறுப்பா, வலது கால்."

8

பிரதிக்கினையில் பாதி நிறைவேறியது, பாதி நிறைவேறவில்லை. நின்றுகொண்டு பாடினேன். யாரும் அழக் கூடாது என்பது நடக்கவில்லை. சாமியாரிடம் கேட்டேன், இது மீறிய கணக்கா, நிறைவேறிய கணக்கா என்று. கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். "அம்மா, வருஷம் இன்னும் பாக்கி இருக்கு" என்றார். பிரசங்கத்தில் சொன்ன மாதிரி சுலபமாக அவராலும் முடிவு சொல்ல முடியவில்லை என்று தெரிந்தது.

விபூதிப் புதன் வந்தது. மாதா சபையில் வழக்கம்போல என்னைப் புலம்பல் எடுக்கச் சொன்னார்கள். ரெஜினா சிங்கப்பூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. முந்தானையை முகத்தில் போட்டு உட்கார்ந்து பாடினேன். நாலாவது அடியில் கட்டைவிரல் தானாக முழங்காலில் தட்டிவிட்டது, வால் அறுந்துபோனது. தோளில் சாய்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இப்போது இரண்டு வழியும் கலந்துவிட்டது. எது எப்போது வரும் என்று எனக்கே தெரிவதில்லை. அடுத்த வருஷப்பிறப்புக்கு அதை ஒழுங்கு செய்வதையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்காரர் சட்டைகளைப் பூட்டி வைக்கப்போவதாகச் சொல்கிறார்.

இனி நான் கேட்க வேண்டியது. அந்தோணியம்மாள் இறந்து பல வருஷம் ஆகிறது. அவள் பெண்கள் ஆவூரில்தான் இருப்பார்கள். பெரியவள் பேர் ஞாபகம் வரவில்லை, சின்னவள் லூர்து. அவர்களிடமோ, வாசலில் பாடிப் பழக்கம் உள்ள வேறு யாரிடமோ இந்தப் பாட்டைத் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். பந்தல் அடி முதலா, கானாவூர் அடி முதலா? 'கண்டவரு கூடிருக்கு' என்பதுதானா, வேறு மாதிரியா? மீதி எத்தனை அடி, அவை என்ன?

பதிலை எனக்கு எழுத வேண்டாம். சிங்கப்பூரில் ரெஜினா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை. வாசலில் ரெஜினாவைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள், அவளும் சரி என்றிருக்கிறாள். நான் பாடியதை அப்படியே பாடிப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாள். விலாசம் வீட்டுக்காரர் இந்தத் தாளோடு தனியே வைத்திருக்கிறார். அவளுக்கே நேராக எழுதுங்கள். தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள்.